பேட்ரியாட்ஸ் ஏமாற்றினார்களா? முதலில் கேள்வியைப் பிரிப்போம்

அமெரிக்க ஃபுட்பால் பார்க்கிற யாரிடமாவது நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் என்று சொல்லிப் பாருங்கள். விதிகள் பாதி தெரியாதவர்கூட "ஏமாத்துக்காரங்க, பந்துல காத்தைப் பிடுங்கினவங்க" என்பார். பக்கத்தில் இருப்பவர் "நன்றி கெட்ட அணி, நல்லா ஆடினவனையே நடுவழியில இறக்கிவிட்ருவாங்க" என்பார். இன்னொருவர், அந்த அணியின் பயிற்சியாளராக இருந்த பில் பெலிச்சிக்கைவிடப் பெரிய பயிற்சியாளர் பிறக்கவே இல்லை என்று சண்டைக்கு வருவார்.

பல வருடமாக இந்த விவாதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று பேரும் ஒரே விஷயத்தின் மூன்று மூலைகளைப் பிடித்து இழுக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆட்டக்காரரை வெட்டுவது, அணியை நடத்துவது, விதியின் விளிம்பில் நடப்பது, இந்த மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அந்த வேரைப் பார்க்காமல் பேசுவதால்தான் பத்து வருடம் கழித்தும் பந்தில் காற்று இருந்ததா இல்லையா என்ற இடத்திலேயே எல்லாரும் நிற்கிறார்கள்.

ஆட்டமே தெரியாதவர்களும் படிக்கலாம். தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

ஆட்டம் பற்றித் தெரிய வேண்டியது

என்எஃப்எல் என்பது அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக். 32 அணிகள். ஓர் அணியில் 53 பேர், களத்தில் ஒரு நேரத்தில் 11 பேர். இப்போது ஒரு சீசனுக்கு ஒவ்வோர் அணிக்கும் 17 ஆட்டங்கள், 2021க்கு முன் 16. கடைசியில் நடக்கும் ஒற்றை இறுதி ஆட்டம்தான் சூப்பர் பவுல்.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள், அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் தனித் திட்டம் உண்டு. ஒன்று முடிந்ததும் ஆட்டம் நிற்கும், பயிற்சியாளர் அடுத்த திட்டத்தை அனுப்புவார், எதிரணியும் தன் தடுப்புத் திட்டத்தை அனுப்பும். கிரிக்கெட்டில் இரண்டு பந்துகளுக்கு நடுவே கேப்டன் ஃபீல்டரை நகர்த்துவது போலத்தான், ஆனால் இங்கே ஒவ்வொரு முறையும் 22 பேரின் நகர்வும் மாறும். தாக்கும் அணியில் பந்தை முதலில் வாங்கி, எறிவதா கொடுப்பதா என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். அவர்தான் அணியிலேயே அதிகச் சம்பளக்காரராக இருப்பார், பெரும்பாலும்.

எல்லார் பையிலும் ஒரே காசு

ஐபிஎல் ஏலம் பார்த்திருப்பீர்கள். 2025 ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய்தான் வரம்பு. முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவர்களுக்குக் கிள்ளித்தான் கொடுக்க வேண்டும். என்எஃப்எல்லில் இதே ஏற்பாட்டுக்குப் பெயர் சேலரி கேப், அதாவது சம்பள உச்சவரம்பு. 1994இல் வந்தது. அந்த வருடம் ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர், 2025இல் 27.92 கோடி டாலர்.

இதோடு டிராஃப்ட் என்ற இன்னொரு ஏற்பாடும் உண்டு. கல்லூரியிலிருந்து வரும் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை அது, மொத்தம் ஏழு சுற்று. போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்கு ஒவ்வொரு சுற்றிலும் கடைசி வாய்ப்பு. ஜெயித்தவனைக் கீழே இழுக்கவும் தோற்றவனை மேலே தூக்கவுமே லீக் இப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் வருடக்கணக்கில் ஜெயித்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

இப்போது கொஞ்சம் சிக்கலான ஒன்று, ஆனால் இது புரியாமல் மேலே போக முடியாது. செய்தியில் "ஐந்து வருடம், இத்தனை கோடி" என்று வரும் ஒப்பந்தத்தில் பெரும்பகுதி உறுதியான பணம் கிடையாது. அணி நினைத்தால் இரண்டாம் வருடமே ஆளை அனுப்பிவிடலாம், மிச்ச வருடச் சம்பளம் தர வேண்டியதில்லை. அதனால் ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போடும்போதே ஒரு பெரிய தொகையை முன்பணமாகக் கேட்பார்கள். அந்த முன்பணம் உடனே கைக்கு வந்துவிடும், ஆனால் அணியின் சம்பளக் கணக்கில் ஐந்து வருடம் வரை பிரித்து எழுதிக்கொள்ளலாம்.

தவணையில் ஃபோன் வாங்குவது மாதிரிதான். ஃபோன் இன்றே கையில், பணம் மாதாமாதம். ஃபோன் தொலைந்துபோனாலும் தவணை நிற்காது இல்லையா, அதேதான் இங்கேயும். ஐந்து வருடத்துக்கு 2 கோடி டாலர் முன்பணம் என்றால் வருடத்துக்கு 40 லட்சம் கணக்கில் ஏறும். இரண்டு வருடம் முடிந்து அவரை அனுப்பினால், மீதி 1.2 கோடி அணியின் கணக்கில் வந்து விழும். ஆள் இல்லை, ஆனால் அவருக்கான இடம் வரம்பில் அடைபட்டிருக்கும். இதை டெட் மணி என்பார்கள், செத்த பணம்.

இதுவரை பார்த்தது: எல்லா அணிக்கும் ஒரே காசு, ஒரே 53 இடம், ஜெயித்தால் அடுத்த வருடம் தேர்வில் பின்வரிசை. பணத்தால் மற்றவரை முந்தும் வழி அடைபட்டிருக்கிறது. அப்புறம் எதில் முந்துவது? ஆள் தேர்வில், தயாரிப்பில், விதியை மற்றவரைவிட நன்றாகப் படிப்பதில். சின்னச் சின்ன இடைவெளிகள்தான் மிச்சம்.

நன்றாக ஆடுகிறவரை ஏன் அனுப்புகிறார்கள்?

2003 செப்டம்பர். பேட்ரியாட்ஸ் அணியின் பின்தடுப்பு ஆட்டக்காரர் லாயர் மில்லோய், நான்கு முறை லீகின் சிறந்தவர்கள் பட்டியலுக்குத் தேர்வானவர், அணியின் குரல் என்றே சொல்லலாம். சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் மறுத்தார். முதல் ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு அவரை விடுவித்துவிட்டார்கள். அவர் நேராக பஃபலோ அணிக்குப் போனார். முதல் ஆட்டம் யாரோடு? அதே பஃபலோவோடு. 31-0 என்று பேட்ரியாட்ஸ் தோற்றது. தொலைக்காட்சியில் ஒரு விமர்சகர், இந்த ஆட்டக்காரர்கள் தங்கள் பயிற்சியாளரை வெறுக்கிறார்கள் என்றே சொன்னார்.

அந்த சீசனின் கடைசி லீக் ஆட்டம் மறுபடியும் பஃபலோவோடு. இந்த முறை பேட்ரியாட்ஸ் 31-0. மொத்தம் 14 வெற்றி, 2 தோல்வி, பிறகு சூப்பர் பவுல் கோப்பையும்.

இதை "பெலிச்சிக் சொன்னதுதான் சரியாச்சு பார்த்தியா" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. எப்படிச் சரியானது என்று பார்க்க வேண்டும். அந்த வசந்தத்திலேயே சான் டியேகோ விடுவித்திருந்த ராட்னி ஹாரிசனை அழைத்து வந்திருந்தார்கள். டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் யூஜின் வில்சனை எடுத்திருந்தார்கள், புதியவர் என்பதால் சம்பளம் மிகக் குறைவு. ஆக, மில்லோயை அனுப்பும் நாளில் அந்த இடம் காலியாக இல்லை, பல மாதம் முன்பே நிரப்பியாகிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது திடீர்க் கொடுமை. உள்ளே அது ஒரு கணக்கின் கடைசி வரி.

மில்லோய்க்கு வலிக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வலித்தது, அவரோடு ஆடியவர்களுக்கும் வலித்தது. சீசன் தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது ஒரு மனிதரை ஊர் மாறச் சொல்வது நியாயமான ஏற்பாடா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் அந்தக் கேள்வியை உச்சவரம்பையும் உறுதியில்லாத ஒப்பந்தத்தையும் எழுதி வைத்திருக்கும் லீகிடம் கேட்க வேண்டும், 32 அணியும் இதைச் செய்கிறது.

இன்னும் பெரிய உதாரணம் குவார்ட்டர்பேக் விஷயம். ட்ரூ பிளெட்ஸோ, 1993 டிராஃப்டின் முதல் தேர்வு. 2001 மார்ச்சில் பத்து வருடத்துக்கு 10.3 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதே அணியில், 2000 டிராஃப்டில் ஆறாம் சுற்றில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி என்ற பையன் இருந்தான். அவனை வைத்துக்கொள்வதற்காக அந்த வருடம் 53 இடத்தில் நான்கை குவார்ட்டர்பேக்குக்கே கொடுத்தார் பெலிச்சிக். வழக்கமாக இரண்டோ மூன்றோதான். ஓர் இடம் எவ்வளவு விலைமதிப்புள்ளது என்று மேலே பார்த்தோமே, அதை வைத்து யோசித்தால் இந்த முடிவின் கனம் தெரியும்.

2001 செப்டம்பர் 23, நியூயார்க் ஜெட்ஸ் ஆட்டக்காரர் மோ லூயிஸ் மோதியதில் பிளெட்ஸோவுக்கு உள்காயம், பிரேடி உள்ளே வந்தார். பிளெட்ஸோ குணமாகித் திரும்பியபோது எல்லாரும் அவர் இடம் அவருக்குத்தான் என்று நினைத்தார்கள். பெலிச்சிக் பிரேடியையே தொடர்ந்தார். சூப்பர் பவுலில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியை 20-17 என்று வென்றார்கள். 2002 ஏப்ரலில் பிளெட்ஸோவை அதே பஃபலோவுக்கு அனுப்பி, பதிலுக்கு அடுத்த வருட டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். பின்னால் பிரேடியும் பல முறை சந்தை விலைக்குக் குறைவாகவே ஒப்பந்தம் போட்டார், அதனால் மிஞ்சிய காசில் மற்ற இடங்கள் நிரம்பின.

இந்தக் கணக்கு தப்பாமல் போகும் என்று நினைக்க வேண்டாம். 2020இல் 42 வயது பிரேடியைப் பேட்ரியாட்ஸ் போகவிட்டது. அவர் டாம்பா பே அணிக்குப் போய் முதல் வருடமே சூப்பர் பவுல் வென்றார், கான்சாஸ் சிட்டியை 31-9. பேட்ரியாட்ஸ் அந்த வருடம் 7 வெற்றி, 9 தோல்வி. 2023இல் 4 வெற்றி, 13 தோல்வி, அதோடு பெலிச்சிக் விடைபெற்றார்.

சுருக்கமாக: ஆள் வெட்டு என்பது அன்றைய ஆட்டத்திறனைப் பார்த்து மட்டும் எடுக்கும் முடிவு கிடையாது. இந்தச் சம்பளத்துக்கு அடுத்த வருடம் இவர் என்ன தருவார், அதே காசில் வேறு யார் கிடைப்பார் என்ற கேள்வி.

அப்படியானால் தலைமை எங்கே இருக்கிறது?

வெறும் கணக்குதான் என்றால் ஒரு கணக்காளரை உட்கார வைத்துவிடலாம். நாளை நம்மையும் அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்த 53 பேரை இன்று உயிரைக் கொடுத்து ஆட வைப்பதுதான் கஷ்டம்.

பெலிச்சிக் அதற்கு வைத்திருந்த வழி எளிமையானது. "உன் வேலையைச் செய்" என்பது அந்த அணியின் தாரக மந்திரம். எல்லாரையும் கூட்டி வைத்து ஆட்ட வீடியோ போட்டுப் பார்க்கும்போது, பிரேடி தப்பு செய்திருந்தால் பிரேடிக்கும் எல்லார் முன்னாலும் திட்டு விழும். நட்சத்திரத்துக்கே சலுகை இல்லை என்றால் கடைசி வரிசைப் பையன் தன் இடத்தை நியாயமாகவே பார்ப்பான். அன்பு இல்லாவிட்டாலும் அளவுகோல் ஒன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கை.

மால்கம் பட்லர் கதையில் இது இரண்டு பக்கமும் தெரியும். டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத பையன், கல்லூரிக் காலத்தில் பொரித்த கோழிக் கடையில் வேலை பார்த்தவர். 2015 பிப்ரவரி 1, சூப்பர் பவுல். பேட்ரியாட்ஸ் 28, சியாட்டில் 24. சியாட்டில் கையில் பந்து, பந்தோடு தாண்டினால் முந்திவிடும் கோட்டுக்கு ஒரே கஜம் பாக்கி, அரை நிமிடம்கூட மிச்சமில்லை. சியாட்டில் ஆட்டக்காரர்கள் நின்ற அமைப்பைப் பார்த்ததுமே பட்லருக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது, ஏனென்றால் அந்த வாரம் பயிற்சியில் அதே நகர்வில் அவர் ஏமாந்து திட்டு வாங்கியிருந்தார். இந்த முறை முந்திப் பாய்ந்து பந்தைப் பிடித்தார். கோப்பை கைக்கு வந்தது. 53ஆவது ஆளையும் முதல் ஆளைப் போலவே தயார் செய்து வைத்ததன் பலன் அது.

மூன்று வருடம் கழித்து, 2018 சூப்பர் பவுல். சீசன் முழுக்கத் தடுப்பில் ஆடிய அதே பட்லரைத் தடுப்பில் ஒருமுறைகூட இறக்கவில்லை பெலிச்சிக். ஃபிலடெல்ஃபியா 538 கஜம் முன்னேறியது, 41-33 என்று பேட்ரியாட்ஸ் தோற்றது. ஏன் என்று பெலிச்சிக் கடைசி வரை முழுசாகச் சொல்லவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் அவர்மேல் வருத்தம் உண்டு. அளவுகோல் எல்லாருக்கும் ஒன்று என்ற நம்பிக்கையில் நிற்கும் தலைமை, காரணம் சொல்லாத முடிவு ஒன்று எடுத்தால் அந்த நம்பிக்கையிலேயே கைவைக்கிறது.

"ஏமாற்று" என்ற ஒரே பையில் எத்தனை விஷயம்

இப்போது சர்ச்சைக்கு வருவோம். ஒருவர் "ஏமாற்றினார்கள்" என்றால் நான் கேட்பது மூன்று கேள்வி. விதி மீறப்பட்டதா? மீறியதால் பலன் கிடைத்ததா? மீறியது நிரூபிக்கப்பட்டதா? மூன்றுக்கும் தனித்தனிப் பதில் இருக்கும். ஒன்றின் பதிலை இன்னொன்றுக்குப் போட்டுத்தான் விவாதம் குழம்புகிறது.

முதலில் மீறலே இல்லாத ஒன்று. 2015 ஜனவரி 10, பால்டிமோர் ரேவன்ஸோடு ஆட்டம். தாக்கும் அணியின் 11 பேரில் ஐந்து பேர், முன்வரிசையில் சுவர் மாதிரி நிற்பவர்கள், எறியும் பந்தைப் பிடிக்கக் கூடாது. அந்த ஐந்தில் ஒருவராக, வழக்கமாகப் பந்தைப் பிடிக்கும் ஓர் ஆட்டக்காரரை "இவர் இந்த முறை பிடிக்க மாட்டார்" என்று நடுவரிடம் அறிவித்து நிறுத்தினார்கள். பிடிக்கத் தகுதியுள்ள இன்னொருவர் சுவர்க்காரர் மாதிரி வேறு இடத்தில் நின்றார். எதிரணி பிடிக்க மாட்டாதவரைத் துரத்த, பந்து மற்றவருக்குப் போனது. பேட்ரியாட்ஸ் 35-31. ரேவன்ஸ் பயிற்சியாளர் கொதித்தார். ஆனால் அன்றைய விதிப்படி அது முழுக்கச் சரி. லீக் மார்ச்சில் விதியைத் திருத்தியது, திருத்த வேண்டியிருந்தது என்பதே முன்பு தடையில்லை என்பதற்குச் சாட்சி.

கேமரா விவகாரம்

ஸ்பைகேட் என்று பேர் வாங்கிய இது வேறு ரகம். 2007 செப்டம்பர் 9, ஜெட்ஸ் அணியோடு ஆட்டம். தாக்கும் அணியில் குவார்ட்டர்பேக்குக்கு ஹெல்மெட்டுக்குள் ரேடியோ 1994 முதலே உண்டு. தடுக்கும் அணிக்கு அப்போது இல்லை. அதனால் பயிற்சியாளர்கள் ஓரத்தில் நின்று கைச்சைகையால் திட்டம் சொல்வார்கள். அந்தச் சைகைகளைப் பேட்ரியாட்ஸ் உதவியாளர் ஒருவர் களத்தின் ஓரத்திலிருந்து வீடியோ எடுத்தார்.

எதிரணியின் சைகையைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வதற்குத் தடையே இல்லை, பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இதுதான். ஏறக்குறைய எண்பதாயிரம் பேர் பார்க்கும் இடத்தில் காட்டும் சைகை ரகசியம் ஆகாது. தடை இருந்தது கேமராவுக்கு, ஓரத்திலிருந்து எதிரணிச் சைகையைப் பதிவு செய்யக் கூடாது என்று 2006 செப்டம்பரில் லீக் எல்லா அணிக்கும் எழுதியிருந்தது. பதிவு செய்தால் என்ன லாபம்? சைகையையும் அடுத்து வந்த தடுப்பு அமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அகராதியே போட்டுவிடலாம், அதே அணியை மறுபடி சந்திக்கும்போது உதவும்.

பெலிச்சிக் தான் விதியைத் தவறாகப் பொருள்கொண்டதாகச் சொன்னார். அவருக்கு 5 லட்சம் டாலர் அபராதம், அணிக்கு 2.5 லட்சம், அதோடு 2008 டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வும் போனது. மூன்று கேள்விக்கும் பதில் எழுதுவோம். மீறினார்களா: ஆம், தெளிவாக எழுதி அனுப்பிய விதியை. நிரூபணம்: கேமராவோடு பிடிபட்டார்கள். பலன்: இதை யாராலும் அளந்து சொல்ல முடியவில்லை, அதற்குப் பாதிக் காரணம் லீகே. ஒப்படைக்கப்பட்ட டேப்புகளை லீக் அழித்துவிட்டது. அழித்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆதாரம் இல்லாத இடத்தில் வதந்திதான் முளைக்கும், முளைத்தது. 2002 சூப்பர் பவுலுக்கு முன் ராம்ஸ் அணியின் ஒத்திகையையும் படம் பிடித்தார்கள் என்று பாஸ்டன் ஹெரால்டு எழுதியது, சில மாதத்தில் அது தவறு என்று மன்னிப்பும் கேட்டது. மன்னிப்பு எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? இன்றைக்கும் அந்த ஒத்திகைக் கதையை உண்மையாக நம்புகிறவர்களைப் பார்க்கிறேன்.

2008இல் தடுக்கும் அணியிலும் ஒருவருக்கு ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அந்தத் திருட்டுக்குத் தேவையே குறைந்தது.

காற்றுக் கணக்கு

டிஃப்ளேட்கேட்தான் எல்லாருக்கும் தெரிந்தது, எல்லாரும் குறைவாகப் புரிந்துகொண்டதும் இதுதான். 2015 ஜனவரி 18, இண்டியானபொலிஸ் கோல்ட்ஸோடு அரையிறுதி. விதிப்படி பந்தின் காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும். பிஎஸ்ஐ என்பது வண்டி டயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கும் அதே அளவு. ஒவ்வோர் அணியும் தாக்கும்போது தன் பந்துகளையே பயன்படுத்தும். பிரேடிக்குக் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் பிடிக்கும், அதனால் அவர் பந்துகள் கீழ்வரம்பான 12.5இல் வைக்கப்பட்டன. கோல்ட்ஸ் பந்துகள் சுமார் 13.

இடைவேளையில் அளந்தபோது பேட்ரியாட்ஸ் பந்துகள் எல்லாமே 12.5க்குக் கீழே. உடனே ஒரு செய்தி பரவியது: 12இல் 11 பந்தில் 2 பிஎஸ்ஐ குறைவு என்று. அது தவறு. அளந்த 11 பந்தில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் இரண்டு கருவிகளில் ஒன்றில் மட்டும், அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. சரியான எண்கள் மே மாதம்தான் வெளியே வந்தன. நடுவில் இருந்த மாதங்களில் ஊர் தீர்ப்பே எழுதிவிட்டது.

சரி, யாரும் கைவைக்காமல் காற்றழுத்தம் இறங்குமா? இறங்கும். குளிர்காலக் காலையில் டயர் கொஞ்சம் தளர்ந்திருப்பது போல. மூடிய ஒரு பைக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும், வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கருவி காட்டும் 12.5 முழு அழுத்தம் இல்லை, வெளியே நம்மைச் சுற்றி இருக்கும் காற்றின் 14.7ஐக் கழித்தபின் வரும் எண். முழு அழுத்தம் 27.2. வெப்பநிலையையும் அடியோடு பூஜ்யத்திலிருந்து எண்ணும் கெல்வின் அளவில் எடுக்க வேண்டும். நடுவர் அறை ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ், அதாவது 295 கெல்வின். மழையில் நனைந்த மைதானம் சுமார் 9 டிகிரி, அதாவது 282.

27.2ஐ 282ஆல் பெருக்கி 295ஆல் வகுத்தால் 26. அதிலிருந்து 14.7 போக, 11.3. யாரும் ஊசி செருகாமலே 1.2 பிஎஸ்ஐ போய்விட்டது.

அன்று இருந்த இரண்டு கருவிகளுக்கும் இடையே சுமார் 0.4 வித்தியாசம். பேட்ரியாட்ஸ் பந்துகளின் சராசரி ஒன்றில் 11.49, இன்னொன்றில் 11.11. ஆட்டத்துக்கு முன் எந்தக் கருவியால் அளந்தார் என்பதைப் பொறுத்து, இயற்கையான இறக்கம் என்றும் சொல்லலாம், அதற்கும் கொஞ்சம் கீழே போயிருக்கிறது என்றும் சொல்லலாம். தலைமை நடுவர் தன் நினைவில் இருப்பது 11.49 காட்டிய கருவி என்றார். லீக் நியமித்த விசாரணை, இல்லை, மற்றதாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தது. கோல்ட்ஸ் பந்துகளில் நேரம் போதாமல் நான்கை மட்டும் அளந்தார்கள், அவை அதற்குள் அறைச் சூட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டன. ஒரு கருவியில் அந்த நான்கில் மூன்றும் 12.5க்குக் கீழேதான்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு முன் அணி ஊழியர் ஒருவர் பந்துப் பைகளோடு ஒரு கழிவறைக்குள் சுமார் 100 விநாடி இருந்தார். அவர் தன்னை "டிஃப்ளேட்டர்" என்று அழைத்துக்கொண்ட ஒரு குறுஞ்செய்தியும் கிடைத்தது. பிரேடி தன் பழைய ஃபோனை விசாரணை நேரத்தில் அழித்திருந்தார். இதையெல்லாம் தற்செயல் என்று ஒதுக்கச் சொன்னால் எனக்கும் மனம் ஒப்பவில்லை.

2015 மே மாத அறிக்கை, காற்று வேண்டுமென்றே வெளியேற்றப்பட்டது "நடக்காமல் இருந்ததைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்றும், பிரேடிக்குப் பொதுவாகத் தெரிந்திருக்கும் என்றும் சொன்னது. தராசு கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தாலே போதும் என்ற நிரூபண அளவு இது. பெலிச்சிக்கின் பங்கு எதுவும் இல்லை என்றும் சொன்னது. தண்டனை: பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர், 2016 முதல் சுற்றுத் தேர்வு, 2017 நான்காம் சுற்றுத் தேர்வு.

பலன்? இடைவேளையில் 17-7. காற்றைச் சரி செய்த பிறகு இரண்டாம் பாதியில் பேட்ரியாட்ஸ் 28, கோல்ட்ஸ் 0.

நீதிமன்றம் சொன்னது என்ன?

"கோர்ட்டே பிரேடி ஏமாத்தினான்னு சொல்லிடுச்சு" என்பது நான் அடிக்கடி கேட்கும் தவறு. 2015 செப்டம்பரில் ஒரு நீதிபதி தடையை ரத்து செய்தார். 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்று தடையை மீட்டது. இரண்டுமே பந்தைப் பற்றிய தீர்ப்பு கிடையாது. ஆட்டக்காரர் சங்கமும் லீகும் போட்ட ஒப்பந்தத்தில், தண்டனை கொடுப்பதும் அதன்மேல் முறையீடு கேட்பதும் லீக் ஆணையரிடமே இருந்தது. ஒரு குடியிருப்புச் சங்கத்தில் தலைவர் முடிவே இறுதி என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தால், பிறகு வழக்குப் போகும்போது நீதிமன்றம் கேட்பது தலைவர் அந்த எல்லைக்குள் நடந்தாரா என்று மட்டும்தான், முடிவு சரியா என்று அல்ல. அவ்வளவுதான் நடந்தது. பிரேடி நான்கு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார், அணி அதில் மூன்றை வென்றது, அந்த சீசன் சூப்பர் பவுலில் 28-3 என்று பின்தங்கி இருந்து 34-28 என்று அட்லாண்டாவை வென்றது.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். டென்வர் பிராங்கோஸ் 1996 முதல் 1998 வரை சம்பள உச்சவரம்பு விதியையே மீறியது, ஆட்டக்காரர்களுக்குத் தள்ளிப்போட்ட பணம் சரியாகக் கணக்கில் வரவில்லை. அந்தக் காலத்தில் இரண்டு சூப்பர் பவுல் வென்ற அணி அது. பின்னால் இரண்டு முறை, ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவான அபராதமும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும் போனது. லீகின் அடித்தளமே அந்த வரம்புதான் என்று மேலே பார்த்தோம். அதைத் தொட்டது இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை, பந்தின் காற்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. பந்து கண்ணுக்குத் தெரிகிறது, கையால் அமுக்கிப் பார்க்க முடிகிறது, கணக்குப் புத்தகம் அப்படி இல்லை.

டிஃப்ளேட்கேட்டுக்கு அடுத்த 2015 சீசனில் லீக் ஆங்காங்கே ஆட்டங்களின் இடைவேளையில் பந்துகளை அளந்து பார்த்தது. டிசம்பர் குளிரில், எந்த ஊழியரும் கழிவறைக்குப் போகாத ஆட்டங்களில், பந்து எவ்வளவு இறங்குகிறது என்ற எண்கள் அப்போது லீகின் கையில் இருந்தன. அந்த எண்களை லீக் இதுவரை வெளியிடவில்லை.